வீடு மகளுக்கு, அனுபவம் யாருக்கு?

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கம் கலியாணப் பேச்சு தொடங்கினால் கூடவே வீட்டுப் பேச்சும் தொடங்கிவிடும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். வீடு வளவு பெண்ணின் பெயரில் எழுதப்படும். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அடுத்தவளுக்காகக் கட்டும் வீட்டுக்கு ஒதுங்குவதும் உண்டு.

சீதனத்தைக் கண்டித்து எழுதுபவர்கள் இதன் பலத்தை அதிகம் பேசுவதில்லை. மணம் முறிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர் கணவர்தான். முஸ்லிம் வாரிசுரிமையில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே நன்கொடையாகக் கொடுத்த வீடு அந்தப் பங்குக் கணக்குக்குள் வராது. விலை பெரியது என்பதும் உண்மை. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு; அதற்கு உழைத்துப் போடுகிறவர்களில் வளைகுடாவில் நிற்கும் தம்பிமாரும் இருக்கிறார்கள்.

வழக்கம் தடுக்கி விழுவது உறுதி எழுதும் மேசையில். ‘ஆண்டு அனுபவித்தல்’ என்று உறுதிகளில் ஒரே மூச்சில் வருவதற்குள் பல உரிமைகள் இருக்கின்றன: குடியிருப்பது, வாடகையும் விளைச்சலும் எடுப்பது, விற்பது, ஈடு வைப்பது. இவை ஒரே கையில்தான் இருக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. சீவிய உருத்தை ஒதுக்கி எழுதினால், சாகும்வரை குடியிருக்கவும் வருமானம் எடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. வீடு மட்டும் மகளுடையது. அந்த ஒரு வரி விடுபட்டால், தாம் கட்டிய வீட்டில் அவர்கள் இருப்பது மகளின் தயவில். மருமகனோடு மனக்கசப்பு வரும்வரை யாருக்கும் அது தெரிவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். “இந்த வீடு உனக்குத்தான் மகள்” என்ற வாய்வார்த்தையோடு பல ஆண்டுகள் இருந்துவிடுகிறார்கள். காணி கைமாற, நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை வரும் என்கிற 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பிப் போனாலும், அனுமதியோடு குடிபுகுந்தவருக்கு அது இலகுவில் கைகொடுக்காது. வாப்பா இருக்கச் சொன்னதால் இருந்த முப்பது வருடமும் கணக்கில் வராமல் போகலாம். அவர் கண்மூடியதும் காக்காமாரும் பங்காளிகள்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதாவிட்டால், நன்கொடை அப்படிக் கொள்ளப்படாது. உறுதியைப் பெறுநர் கையில் கொடுப்பதை ஆதனத்தின் ஆட்சியைக் கொடுத்ததற்குச் சான்றாக அதே சட்டம் ஏற்கிறது. உறுதி வாப்பாவின் அலுமாரிக்குள்ளேயே கிடந்தால் அந்தச் சான்று எங்கே? சீவிய உருத்தை ஒதுக்கிய நன்கொடையோ இந்த விதிக்குள் வராமல் நாட்டின் பொதுச் சட்டத்துக்குப் போய்விடும்.

அரசாங்கமும் இதில் சுத்தமில்லை. 2004 டிசம்பர் 26 கடல் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, பெண்ணின் பெயரில் இருந்த சீதன வீடுகளுக்குப் பதிலாகக் கொடுத்த வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ பெயரில் பதிவாகின. படிவத்தில் தலைவர் என்றால் ஆண். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவு இப்படிக் கணவர் பெயருக்கு மாறியது. பெயர் பெண்ணுடையதாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியென்றும் இல்லை: மெயின் வீதி ஓரத்து வீட்டின் முன்னறையைக் கடைக்குக் கொடுத்து வாடகையை எண்ணி வாங்குவது கணவரென்றால், உரிமைக்காரிக்குக் கையெழுத்து வேலை மட்டும்தான் மிச்சம்.

வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கலியாணச் சந்தையின் பேராசையைத் தனியே எதிர்க்க வேண்டும். ஆனால் வீடு எழுதப் போகிறவர்கள் இவ்வளவாவது செய்யுங்கள். பெற்றோருக்குச் சீவிய உருத்து உண்டா, நன்கொடை மீளப்பெற முடியாததா என்ற இரண்டையும் நொத்தாரிசை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்து, உறுதியை மகள் கையில் கொடுங்கள்.