‘ஒருவகைக் குழம்பு’: கடற்கரை உணவுச்சொற்களும் வட்டார அகராதிப் பொருள்விளக்கமும்

திறவுச்சொற்கள்: வட்டார வழக்கு, அகராதியியல், உணவுச்சொற்கள், நெய்தல், மதுரை, ஆணம், சொதி

முன்னுரை

தமிழில் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணியில் படைப்பாளிகளின் பங்கு பெரிது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982), பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000), கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி (2007) ஆகியன இதற்குச் சான்றுகளாகும். இவை பெரிதும் உள்நில வழக்குகளைச் சார்ந்தவை. கடற்கரை மக்களின் உணவுச்சொற்களைத் தொகுக்க முனையும்போது, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லையே பொருளாகத் தரும் முறை போதுமானதா என்பதை மதுரைச் சமவெளி வழக்கோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அயிரையும் அயிலையும்

மதுரைப் பகுதியில் அயிரை என்பது கண்மாய்களிலும் வயல்நீரிலும் கிடைக்கும் சிறு நன்னீர் மீன். குமரிக் கடற்கரையில் அயிலை என்பது கடல்மீன். சோழமண்டலக் கரையில் அதற்குக் காணாங்கெளுத்தி என்று பெயர். இரண்டுக்கும் ‘ஒருவகை மீன்’ என்று பொருள் எழுதினால், மதுரை வாசகர் அயிலையை அயிரையின் ஒலித்திரிபாகவே கொள்ள இடமுண்டு.

இவ்விடத்தில் அகநானூற்றின் 60ஆம் பாடல் நினைக்கத்தக்கது. உப்பை விற்றுப் பெற்ற நெல்லின் சோறு, அதன்மேல் அயிலை இட்டுச் சமைத்த புளிக்கறி, மீன்பிடித் தொழிலில் இருக்கும் தந்தைக்கு அதனைக் கொடுக்கும் மகள் எனப் பொருள், ஆக்கும் முறை, உண்பவர், சூழல் அனைத்தையும் அப்பாடல் தருகிறது. ‘ஒருவகை’ என்னும் அகராதிக் குறிப்பு விட்டுவிடுவன இவையே.

ஆணமும் குழம்பும்

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் இசுலாமியர் வழக்கில் ஆணம் என்னும் சொல் உயிர்ப்புடன் உள்ளது. அகராதிகள் இதற்குக் குழம்பு எனப் பொருள் தருகின்றன. இச்சமன்பாடு சரியெனின் புளியாணம் என்பது புளிக்குழம்பாதல் வேண்டும். ஆனால் காயல்பட்டினத்துப் புளியாணம் ரசத்தைப் போல நீர்த்தது. விருந்தில் கறிச்சோற்றுடன் உண்ணப்படுவது. மதுரைச் சமவெளியில் குழம்பு, ரசம் என இருபெயர் பெறுவனவற்றை ஆணம் என்னும் ஒரு சொல் தழுவி நிற்கிறது. எனவே இங்கு வேறுபடுவது பெயர் மட்டுமன்று, உணவைப் பகுத்துக் காணும் முறையுமாகும்.

மேலும், ஆணத்தைக் ‘கடற்கரை வழக்கு’ என்று குறித்தலும் நிறைவுடையதாகாது. அதே கரையில் வாழும் பரதவர் குழம்பு என்றே வழங்குவர். இடக்குறியோடு வழங்கும் சமுதாயத்தையும் சுட்டுவது இன்றியமையாதது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பல சொற்களுக்கு இருவகைக் குறிகளையும் இட்டுள்ளது. பிற்காலத் தொகுப்புகள் வட்டாரம் என்னும் ஒற்றை அலகை முதன்மைப்படுத்தியதால் இந்நெறி பின்தங்கியது.

ஒரு சொல், வேறு உணவு

சொதி என்பது திருநெல்வேலியில் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த, மறுவீட்டு விருந்துக்குரிய குழம்பு. யாழ்ப்பாணத்தில் அது இடியப்பத்திற்கும் சோற்றுக்கும் அன்றாடம் ஊற்றப்படும் நீர்த்த பால்கறி. அதில் மீனும் இடம்பெறும். அவ்வாறே, தூத்துக்குடிப் பகுதியில் சீலா எனப்படுவது சென்னையில் வஞ்சிரம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சீலா என்பது வேறொரு மீன். இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து கடல்மீன் வந்துசேரும் மதுரைச் சந்தையில் இத்தகைய பெயர் மயக்கம் விலையையும் சுவையையும் பாதிக்கும் நடைமுறைச் சிக்கலாகிறது.

முடிவுரை

உணவு வழக்கொழிந்த பின் அதனை அறிய எஞ்சுவது அகராதிப் பதிவே. ‘ஒருவகைக் குழம்பு’ என்னும் பதிவிலிருந்து எவராலும் அவ்வுணவை மீட்க இயலாது. ஆகவே, கடற்கரை உணவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் மூலப்பொருள், ஆக்கும் முறை, உண்ணும் சூழல், வழங்கும் சமுதாயம், ஊர் ஆகிய ஐந்தும் பதியப்பெற வேண்டும். மீன்பெயராயின் அறிவியற்பெயரும் வேண்டும். இவ்விவரங்களை ஏட்டிலிருந்து மட்டும் பெற இயலாது. சமைக்கும் பெண்களே இதற்கு முதன்மைத் தகவலாளிகள். மதுரையைச் சார்ந்த ஆய்வாளர்க்குக் கீழக்கரையும் தூத்துக்குடியும் ஒருநாட் பயணத் தொலைவினவே. களப்பணி அங்கிருந்து தொடங்கலாம்.