தளிர் பார்த்த மாணவன்

போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உத்தமதானபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வலங்கைமான் வட்டத்தில்தான் இருக்கிறது அந்த ஊர். உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு பையன் கேட்டான்: "இவரு எந்த ஸ்கூல்ல சார் படிச்சாரு?"

பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டேன். எந்த ஸ்கூல் என்று சொல்வது? வீட்டுக்கு வந்து 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்தேன். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய அந்தத் தன்வரலாற்றை நாம் பெரும்பாலும் சுவடி தேடிய கதையாகவே படிக்கிறோம். சிந்தாமணி, சிலப்பதிகாரம், செல்லரித்த ஓலைகள். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஐந்து வகுப்புகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிற எனக்கு இந்தத் தடவை அது வேறு புத்தகமாகத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு எத்தனை விதமாகப் பாடம் சொல்ல முடியும் என்று தமிழில் இவ்வளவு விரிவாகப் பேசுகிற இன்னொரு நூலை நான் படித்ததில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடம் வருகிறது. மணலில் எழுத்து, ஓலை, எண்சுவடி, சட்டாம்பிள்ளை, அடி. வீட்டில் அப்பா, அவர் இசைக்காரர், இராம நாடகக் கீர்த்தனை பாடிக் கதை சொல்கிறவர். அவரிடம் பாட்டு வழியாகவே தமிழ் காதில் விழுகிறது. அரியலூரில் சடகோபையங்கார் செய்யுளின் ருசியைக் காட்டுகிறார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்லித் தருகிறார். பிள்ளையின் படிப்புக்காக ஒரு குடும்பமே மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிறது. இன்று பயிற்சி முகாம்களில் நாம் 'பல்வகைக் கற்பித்தல் உத்திகள்' என்று சார்ட்டில் எழுதி ஒட்டுகிறோமே, அது இந்தப் பையனுக்கு ஊர்களாகவும் ஆட்களாகவும் கிடைத்தது. எந்த ஒரு வாத்தியாரும் முழுசாகப் போதவில்லை.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேரும்போது ஐயருக்கு வயது பதினாறு. பிள்ளைக்கு முதலில் நம்பிக்கையில்லை. வருகிறவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள் என்பது அவர் அனுபவம். சேர்த்துக்கொண்ட பிறகும் பையன் ஏங்கிய அளவுக்கு அவரிடமிருந்து நேரடியாகப் பாடம் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் வருகிறது 'தளிர் ஆராய்ச்சி' என்ற அத்தியாயம். பிள்ளைக்குத் தன் தோட்டத்து மரங்கள் என்றால் உயிர். காலையில் எது தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பையன் அதைக் கவனிக்கிறான். அவருக்கு முன்னாலேயே எழுந்து போய், புதுத் தளிர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்கிறான். அவர் வந்ததும் சுட்டிக் காட்டுகிறான். அவர் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியின் ஓரமாகப் பாடத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறான்.

முன்பு இதைக் குறும்பான சம்பவமாகத்தான் படித்திருந்தேன். இப்போது தூக்கிவாரிப்போட்டது. உத்தி என்பது ஆசிரியரின் சொத்து என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இங்கே உத்தியைக் கண்டுபிடித்தவன் மாணவன். கற்றல் எந்த வாசல் வழியாக நடக்கும் என்பதை அவனே தேடி, தட்டியிருக்கிறான்.

ஆசிரியர்கள் கைமாற்றிக்கொள்ளும் இன்னொரு நூலோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய 'பகல் கனவு'. வக்கீல் தொழிலை விட்டுப் பாவ்நகரில் குழந்தைகளோடு உட்கார்ந்தவர் கிஜுபாய். அவருடைய கதைசொல்லி லக்ஷ்மிராம், கல்வி அதிகாரியிடம் அனுமதி வாங்கி நாலாம் வகுப்பை ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப்போய் வகுப்பே சந்தைக்கடையாகிவிடுகிறது. அந்தப் பக்கங்கள் அருமை. தோற்ற வாத்தியாரை அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார். பிறகு கதை, விளையாட்டு, நாடகம், நூலகம் என்று ஒவ்வொன்றாக ஜெயிக்கின்றன. எனக்குப் பிடித்த புத்தகம்தான். ஆனால் அதில் பிள்ளைகள் கூட்டமாகவே இருக்கிறார்கள். உத்தி எல்லாம் லக்ஷ்மிராமின் பையிலிருந்தே வருகிறது. அவருக்கு ஒரே வகுப்பு, மேலே ஓர் அதிகாரியின் நிழல். எனக்கு ஒரு கரும்பலகையில் மூன்றாம் வகுப்பும் மறு கரும்பலகையில் ஐந்தாம் வகுப்பும்.

இந்தப் பல வகுப்புச் சிக்கலை மனதில் வைத்து வந்ததுதான் செயல்வழிக் கற்றல். ரிஷி வேலி பள்ளியின் முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியர் துணையோடு ஒரு குழு, நண்பன் துணையோடு ஒரு குழு, தானாகப் படிக்கிற ஒரு குழு. புதுசு என்று சொன்னார்கள். 1790களில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியைத் தன் பள்ளியில் வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் புத்தகமே போட்டார். அங்கே அதற்குப் பெயர் 'மெட்ராஸ் முறை'. சட்டாம்பிள்ளை சீமைக்குப் போய் வந்த கதை இது.

அதற்காகத் திண்ணையைக் கொண்டாட முடியாது. அந்தத் திண்ணையில் ஏற முடியாத சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள்? 'என் சரித்திரம்' ஜெயித்தவரின் ஞாபகம். அவர் பக்கத்தில் மணலில் எழுதிய மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று அது பெரிதாகக் கவலைப்படவில்லை. தளிர் தேடக் காலையில் எழுந்து போக ஒரு பிள்ளைக்குப் பொழுது வேண்டும், பின்னால் ஓர் அப்பா வேண்டும். அட்டைகள் இந்த இடத்தில் திண்ணையைவிட நூறு மடங்கு மேல். அட்டை யாரையும் திண்ணைக்குக் கீழே நிற்க வைக்கவில்லை.

ஆனால் அட்டைக்குக் கண் கிடையாது. எனக்கும்கூடச் சமயத்தில் இருப்பதில்லை.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை, அவள் அரும்பு. வாய் திறக்கவே மாட்டாள். ஒரு நாள் கட்டத்தாளில் கட்டங்களை எண்ணிப் பரப்பளவு சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கேட்டாள்: "சார், இது எத்தன குழி?"

அவள் அம்மா நடவு ஆள். மாக்கணக்கில் கூலி பேசுவதை அவள் வரப்பில் நின்று கேட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்துக் குழி என்பது பன்னிரண்டு அடிக் கோலுக்குப் பன்னிரண்டு அடிக் கோல், 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. அதாவது, ஒரு சதுரத்தை அலகாக வைத்து நிலத்தை அளக்கிற கணக்கு அவளிடம் ஏற்கெனவே இருந்தது. நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த பாடமே அதுதான்.

நான் சொன்னேன்: "குழியெல்லாம் பரீட்சையில வராது. கட்டத்த எண்ணு."

அவள் எண்ணினாள். அப்புறம் அந்த வருஷம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது வரவில்லை. குடும்பமே திருப்பூர் போய்விட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் மாமா வந்திருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் தளிரைச் சுட்டிக் காட்டினாள் என்பது 'தளிர் ஆராய்ச்சி'யை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. மகாவித்துவான் அந்தக் காலையில் செய்தது ரொம்பச் சின்ன காரியம். பையன் விரல் நீட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். எந்தப் பயிற்சி ஏட்டிலும் இதற்கு ஒரு கட்டம் போட்டு வைக்கவில்லை. அட்டையும் ஏணியும் கதையும் நாடகமும் எல்லாம் வேண்டியதுதான். நான் அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றை நடத்தி முடிக்கிற அவசரத்தில்தான் நான் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் வகுப்பில் கட்டத்தாள் எடுப்பதற்கு முன்னால், பன்னிரண்டு அடிக் கயிறு கட்டி, பள்ளி வாசலில் ஒரு குழியைச் சுண்ணாம்பால் வரைந்தோம். மொத்தப் பிள்ளைகளும் அதற்குள் நின்று பார்த்தார்கள். இடம் மிச்சமிருந்தது.