நரியான இருவர்

மனிதன் ஓநாயாகும் கதைகளை ஆங்கிலப் படங்களில் காணும் குர்லாத் தமிழ்ப் பிள்ளைகள், தமிழில் அத்தகைய கதை உண்டா என்று வினவுகின்றனர். உண்டு. உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், நாடுகாண் காதையை நாம் சான்றாகக் காட்டலாம்.

புகாரை நீங்கி மதுரைக்கு நடந்த கோவலனையும் கண்ணகியையும் சமணத் துறவியான கவுந்தியடிகள் தம் மக்கள் என்றார். எதிர்ப்பட்ட இருவர், உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என எள்ளினர். அடிகளின் சாபத்தால் அவர்கள் நரிகளாயினர்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய லைக்கேயோன் என்னும் மன்னன், விருந்தில் நரமாமிசம் படைத்து ஓநாயானான். அவனுக்காகப் பரிந்தவர் எவருமிலர்; மீட்சியும் இல்லை. இளங்கோவடிகள் காட்டும் குற்றமோ நாவின் குற்றம். நரியின் ஊளை கேட்டு நடுங்கி, அறியாமையாற் பேசினர் எனப் பரிந்து வேண்டியவர்கள், இகழப்பட்ட அவ்விருவரே! சாபத்திற்குப் பன்னிரு திங்கள் எல்லையாயிற்று.

துறவியின் சினத்தை இல்லறத்தாரின் பொறை தணித்தது என்பதே இப்பகுதியின் உயிர்நாடி என்போம். அச்சமூட்டுவது காவியத்தின் நோக்கமன்று. ஊர்விட்டு ஊர்வந்து இகழ்ச்சொல்லும் கேட்டறிந்த நாம், நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லத்தக்க கதை இதுவே.