இறையியலின் தமிழ் எது?

சைவ மடம் பற்றி எழுதச் சொன்னால் நம்மிடம் நாலு பேர் உடனே கையைத் தூக்குவார்கள். செமினரி என்றால் மட்டும் 'அது அவங்க வீட்டு விஷயம்' என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ஒரு முழு அறிவுத்துறையைத் தமிழிலேயே நடத்திப் பார்ப்பது என்று துணிந்த இடம் மதுரை அரசரடியில் இருக்கு. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் சேர்ந்து 1969இல் உருவாக்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி அது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி 1910இலிருந்து ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. அரசரடியிலோ பி.டி. மாணவன் தமிழில் படித்துத் தமிழில் விடை எழுதலாம். பட்டம் தருவது செராம்பூர். அதற்கு அந்த உரிமையைத் தந்தது டென்மார்க் அரசரின் 1827ஆம் வருஷச் சாசனம். மதுரையில் எழுதப்படும் தமிழ் விடைத்தாளுக்குப் பின்னால் ஒரு ஐரோப்பிய அரசரின் முத்திரை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்றுமொழி மாறியது சரி, எந்தத் தமிழ்? கிறிஸ்தியல், இறுதியியல், திருச்சபையியல் என்று 'இயல்' சேர்த்துச் சேர்த்துக் கலைச்சொற்கள் வந்தன. மொழியியலும் உளவியலும் வந்த அதே வழிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு துறைக்குக் கலைச்சொல் வேணும். ஆனால் சொல் தமிழாகிவிட்ட பிறகும் கேள்வி தமிழாகவில்லை. மேற்கில் யாரோ யாருக்கோ சொன்ன பதிலை இங்கே ஒருவன் தமிழில் மனப்பாடம் செய்கிறான். அந்தப் பதிலுக்கான கேள்வி அவன் ஊரில் யாரும் கேட்காத கேள்வி.

இந்த இடத்தில்தான் தியாபிலஸ் அப்பாவு (1940-2005) முக்கியமாகிறார். 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்ட அவர் அங்கே ஆசிரியராக இருந்தவர். வழிபாட்டையே கிராமிய இசையிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தார். பாட்டுக்கு நாட்டுப்புற மெட்டு போடுவது சுலபமான வேலை, ஊர்த் திருவிழாவில் யாரும் செய்வார்கள். அவர் செய்தது வேறு. கர்நாடக மெட்டுக் கீர்த்தனையும் செந்தமிழ் ஜெபமும் வெறும் அழகியல் தேர்வு இல்லை, சாதித் தேர்வு என்று அவர் வாதிட்டார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பது என்ற கிராமத்துப் படிமத்தை வைத்துத் திருவிருந்தையே திருப்பி வாசித்தார். தமிழ்த்துறைகளில் நாம் நாட்டாரியலைச் சேகரிப்பாகவும் அட்டவணையாகவும் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதைச் சிந்திக்கும் மொழியாக எடுத்துக்கொண்டார். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற முறையில் இது எனக்கு உறைக்கவே செய்கிறது.

சிக்கலும் இங்கேயே இருக்கு. பறையை இழிவின் அடையாளமாகச் சுமந்த சமூகத்தில், அதைத் தொடவே மாட்டேன் என்று விலகியவர்கள் பலர். சபைக்கு வந்ததே அந்த மேளத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. அவருக்குக் கீர்த்தனை என்பது அவர் பாட்டன் போராடிப் பெற்ற மரியாதை. 'உன் பண்பாடு இதுதான், திரும்பிப் போ' என்று வகுப்பறை அவரிடம் சொல்லும்போது அதுவும் ஓர் அதிகாரக் குரலாக ஒலிக்கலாம். விடுதலையை யார் எந்தத் தமிழில் பேசுவது என்பதை ஒரு பாடத்திட்டம் முடிவு செய்துவிட முடியுமா?

ஆனால் மொழியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நாமே ஏமாந்துபோவோம். குருப்பட்டம் யாருக்கு என்ற கேள்வி பழசு. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனும் 1741இல் பெற்ற தியோகுவும் வேளாளர்கள். ராஜநாயக்கன் உபதேசியாராக உழைத்தவர், தஞ்சைப் பகுதியில் பலரைச் சேர்த்தவர். பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம் இல்லை. அவர் தமிழில் எந்தக் குறையும் இருக்கவில்லை. வேதாகமத்தை வாசித்தே மனம் மாறியவர் அவர். அவருக்கு எதிராக நின்றது இலக்கணம் அல்ல.

1981இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரில் பேசிய பிறகு தலித் இறையியல் ஒரு துறையானது, பாடமானது, தேர்வுக் கேள்வியும் ஆனது. அரசரடி மாணவர்களைச் சேரிகளில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. இவையெல்லாம் நடந்தவை, சின்ன விஷயமில்லை. ஆனால் கல்லூரி பட்டத்துக்குத் தயார்செய்கிறது, குருப்பட்டமும் சபைப் பொறுப்பும் தருவது திருமண்டலம். திருமண்டலத் தேர்தல்களில் சாதிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது அங்கே ஓட்டுப் போடுகிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் கணக்குக்கு எந்தப் பாடத்திட்டமும் இல்லை, அதைத் திருத்த எந்தத் தேர்வாளரும் இல்லை.

ஆகவே படித்து வந்த இளங்குரு என்ன செய்கிறார்? வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு பீடத்தில் நின்று, 'ஆண்டவரும் மீட்பருமாகிய' என்று பழைய தமிழில் தொடங்குகிறார். அப்பாவுவின் பாட்டை வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்கு ஒதுக்கிவைக்கிறார். அவரைக் கோழை என்று சொல்லிவிடலாம்தான். அடுத்த மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.