வாங்குவோரின் அறம்

திருக்குறளின் 26ஆம் அதிகாரமாகிய புலால் மறுத்தலைக் கிறித்தவர்களாகிய நாம் பெரும்பாலும் மௌனமாகக் கடந்துவிடுகிறோம். வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தபோது இவ்வதிகாரமும் உடன் சென்றது. ஆயினும் நம் மறையுரைகளில் அதன் குரல் கேட்பதில்லை. துறவறவியலில் அமைந்திருப்பதால் அது துறவியருக்கே உரியது என்று கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

ஆனால், 256ஆம் குறள் அவ்வரம்புக்குள் அடங்குவதில்லை. உண்போர் இருப்பதனாலேயே விற்போர் இருக்கின்றனர் என்பது அதன் கருத்து. அது சுட்டுவது உலகை, துறவியை மட்டுமன்று. சந்தையில் பணம் கொடுப்பவர் இல்லறத்தார் அல்லரோ? கொன்றவர் வேறு, உண்டவர் வேறு என்று பிலாத்துவைப் போல் கை கழுவ அக்குறள் நம்மை விடவில்லை.

அதிகாரத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. அது கொலையை நோக்குகிறது. கொலைக்கு முந்திய வாழ்வை நோக்கவில்லை. கோழி முற்றத்தில் மேய்ந்த காலத்து நூல் அது. இன்றோ நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் முட்டைக்கோழிகள் சிறகு விரிக்கவும் இடமின்றிக் கம்பிக் கூண்டுகளில் அடைபட்டுள்ளன. இந்தியச் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் கோழிகளைப் பேணும் முறைக்கு விதிகள் வகுக்கப் பரிந்துரைத்தது. முட்டை வாங்குகையில் கொலை நம் கண்முன் இல்லை, துன்பமோ உண்டு. வாங்குவோரின் பொறுப்பைச் சொன்ன குறள் இங்கும் நம்மை விடுவதாயில்லை.

தொடக்கநூல் 9ஆம் அதிகாரம் நோவாவுக்கு ஊனுணவை அனுமதிக்கிறது. அதே அதிகாரத்தில் கடவுள் பறவைகளோடும் விலங்குகளோடும் உடன்படிக்கை செய்கிறார். முன்னதைப் பற்றிக்கொண்ட நாம் பின்னதை மறந்தோம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளை உணவாகக் கொள்வதை ஏற்கிறது. அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்றும் கற்பிக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் இதனை மீண்டும் நினைவூட்டினார்.

உணவைக் காட்டி மனிதரை இழிவுபடுத்தும் சாதிச் செருக்கு நம் நாட்டில் உண்டு. அதற்குத் துணைபோகும் புலால் மறுப்பு அறமாகாது. வள்ளுவர் இவ்வதிகாரத்தை அருளுடைமைக்கு அடுத்து வைத்தார் என்பதை மறவாதிருப்போம்.

எனவே ஊனுண்பவரைக் குற்றவாளியாக்க நாம் முனையவில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி, மற்ற நாள்களில் ஏதும் கேளாமல் வாங்குகிறோமே, அதைத்தான் எண்ணிப் பார்க்க விழைகிறோம். அடுத்த திருவிழா அசனத்திற்குக் கோழி வாங்கும்போது விலையை மட்டும் விசாரியாமல், அது எவ்வாறு வளர்ந்தது என்றும் விசாரிப்போம். உடன்படிக்கையில் அதற்கும் பங்குண்டு.