ஏடுகளில் முன்னோரைத் தேடுதல்: ‘ரூட்ஸ்’ நூலும் ஆவணங்களின் சாட்சியமும்

1976ஆம் ஆண்டு வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நூலை அறியாத வாசகர் நம்மிடையே மிகக் குறைவு. ‘ஏழு தலைமுறைகள்’ என்னும் பெயரில் அதன் தமிழ் வடிவமும் பலரது கைகளில் புழங்கியிருக்கிறது. மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை (1965) அவருடன் சேர்ந்து எழுதியவர் ஹேலி என்பதும், நூலின் தலைமகன் குன்ட்டா கின்ட்டே காம்பியா நாட்டு மண்டின்கா முஸ்லிம் என்பதும் நம்மவரின் பற்றுக்குக் கூடுதல் காரணங்களாயின. குத்பா மேடைகளிலும் கட்டுரைகளிலும் குன்ட்டா ஒரு கதைமாந்தராக அன்றி, வாழ்ந்து மறைந்த ஒரு வரலாற்று மனிதராகவே எடுத்தாளப்படுகிறார். இவ்வாறு எடுத்தாள்வது தகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா.

ஹேலி தம் நூலில் இரண்டு உரிமைகளைக் கோருகிறார். ஒன்று, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் துயரத்தை ஒரு குடும்பத்தின் கதையாகச் சொல்வது. மற்றொன்று, அக்குடும்பம் தமது சொந்தக் குடும்பமே என்றும், அதன் வழித்தோன்றல் வரிசையை ஆவணங்களால் உறுதிசெய்துவிட்டோம் என்றும் சொல்வது. முதலாவது கலையின் பாற்பட்டது. இரண்டாவது வரலாற்றின் பாற்பட்டது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்ததினால்தான் குழப்பம் விளைந்தது.

ஹேலி காட்டும் சங்கிலி இது. டென்னசியின் ஹென்னிங் ஊரில் பாட்டியார் சொல்லிவந்த கதையில் ஓர் ‘ஆப்பிரிக்கன்’ வருகிறான். அவன் கிதாரை ‘கோ’ என்றும் ஓர் ஆற்றைக் ‘காம்பி போலோங்கோ’ என்றும் அழைத்தான். ‘நாப்லிஸ்’ என்னுமிடத்தில் கரையிறங்கினான். அச்சொற்களைப் பற்றிக்கொண்டு ஹேலி காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தை அடைகிறார். அங்கே கெப்பா கங்கா ஃபோஃபானா என்ற முதியவர் கின்ட்டே குலத்தின் வரலாற்றை ஒப்பிக்கையில், மரம் வெட்டச் சென்று காணாமற்போன குன்ட்டாவைக் குறிப்பிடுகிறார். பின்னர் கப்பற் பதிவுகளில் ‘லார்ட் லிகோனியர்’ என்னும் கப்பல் அகப்படுகிறது. 1767 ஜூலையில் காம்பியாவிலிருந்து 140 பேரை ஏற்றிப் புறப்பட்ட அது, செப்டம்பர் 29 அன்று 98 பேருடன் மேரிலாந்தின் அனாபொலிஸ் துறையை அடைந்தது. வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா மாவட்டத்தில் 1768இல் ஜான் வாலர் தம் சகோதரர் வில்லியம் வாலருக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் ‘டோபி’ என்ற அடிமையின் பெயர் காணப்படுகிறது. அந்த டோபியே குன்ட்டா. அவன் மகள் கிஸ்ஸி 1790இல் பிறந்தாள். அவள் வழியே ஏழாம் தலைமுறையில் ஹேலி.

ஒரு செய்தியை அதன் அறிவிப்பாளர் தொடரைக் கொண்டு எடைபோடுவது நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் இஸ்னாதில் முதலில் நோக்கியது, தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்பதையே. அறிவிப்பாளரும் அவருக்கு மேலுள்ளவரும் சந்தித்தது நிறுவப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி. சமகாலத்தவராயிருந்து சந்திப்புக்கு இடமிருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம். எவ்வளவு தளர்த்தினாலும் சமகாலத்தன்மை என்னும் வரம்பைக் கடக்க எவரும் இசையவில்லை. பிறப்பு இறப்பு ஆண்டுகளைத் தேடித் தொகுத்த ரிஜால் நூல்கள் பெருகியதன் காரணமும் இதுவே. இந்த உரைகல்லில் ஹேலியின் தொடரை உரைத்துப் பார்ப்போம்.

கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1981இல் வர்ஜீனிய வரலாற்று இதழொன்றில் எழுதிய கட்டுரை இவ்வகையில் முதன்மையானது. ஹேலி பார்த்த அதே பத்திரக் கட்டுகளையும் வரிப்பட்டியல்களையும் அவர் பாராத பிறவற்றையும் அவர்கள் புரட்டினர். வாலர் குடும்பத்து டோபி 1762ஆம் ஆண்டிலேயே ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டார். அதாவது, ‘லார்ட் லிகோனியர்’ கரைசேர்வதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே அவர் வர்ஜீனியாவில் இருந்தார். 1782ஆம் ஆண்டு வரிப்பட்டியலிலோ அவரைக் காணோம்; கிஸ்ஸி பிறந்ததாகச் சொல்லப்படுவது அதற்கு எட்டாண்டுகள் கழித்து. கப்பலுக்கும் டோபிக்கும் இடையிலும், டோபிக்கும் கிஸ்ஸிக்கும் இடையிலும் சமகாலத்தன்மையே இடிந்துவிடுகிறது.

காம்பியப் பகுதியும் உறுதியானதாக இல்லை. 1977 ஏப்ரலில் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழின் மார்க் ஓட்டவே ஜுஃபுரே சென்று விசாரித்து எழுதினார். 1981இல் ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் டொனால்ட் ரைட் இன்னும் ஆழமாக ஆராய்ந்தார். ஃபோஃபானா முறையாகப் பயின்ற குலப்பாடகர் அல்லர் என்பதும், வருகின்ற விருந்தினர் எதைத் தேடுகிறார் என்பது முன்கூட்டியே அங்கு பரவியிருந்தது என்பதும் வெளிப்பட்டன. பிறர் எடுத்துக்கொடுப்பதைத் தம் நினைவாகவே ஏற்று அறிவிப்பவரை, ‘தல்கீனை ஏற்பவர்’ எனக் குறித்து ஹதீஸ் கலையினர் பலவீனர் வரிசையில் வைப்பர். கப்ரடியில் ஓதப்படும் தல்கீன் அன்று இது. அறிவிப்பாளரின் வாயில் சொல்லை வைப்பது. ஃபோஃபானாவைப் பொய்யர் என்று நாம் கூறவில்லை. விரும்பிக் கேட்டவருக்கு விரும்பியது கிடைத்தது என்ற அளவிலேயே நிறுத்துகிறோம். இவற்றோடு, ஹெரால்ட் கூர்லாண்டரின் ‘தி ஆஃப்ரிக்கன்’ (1967) நாவலிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டதாக எழுந்த வழக்கு, 1978இல் ஆறரை இலட்சம் டாலர் இழப்பீட்டில் சமரசமாக முடிந்ததையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அந்த ஏடுகளை எழுதியவர் யார்? அடிமைகளை வாங்கி விற்றவர்களே அல்லரா? அவர்களது சாட்சியத்தை வைத்து, அடிமைகளின் பேரப்பிள்ளைகள் காத்துவந்த வாய்மொழியைத் தள்ளுவது நீதியா?

இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. 1790இல் தொடங்கிய கூட்டரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் வெறும் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில், உடைமையாளர் பெயரின் கீழே வயதும் பாலும் நிறமும் உண்டு. பெயருக்கு ஏறத்தாழ இடமே இல்லை. விடுதலைபெற்ற மக்கள் யாவரும் தத்தம் பெயரோடு பதிவானது 1870இல்தான். எனவே அம்மக்களின் வழித்தோன்றல்கள் முன்னோரைத் தேடும்போது 1870 ஒரு மதிற்சுவராய் எதிர்நிற்கிறது. அதைத் தாண்ட வேண்டுமெனில், உடைமையாளர் யார் எனக் கண்டு, அவரது உயில், இறப்புக்குப்பின் எடுத்த சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம், அடமானக் கடன், பாகப்பிரிவினை வழக்கு ஆகியவற்றில் நுழைய வேண்டும். கட்டிலும் கலப்பையும் எருதும் எழுதிய அதே பக்கத்தில் ஒரு மனிதனின் பெயரும் விலையும் எழுதியிருக்கும். 1865இல் தொடங்கி 1874இல் முறிந்த விடுதலையோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளில், கணக்குத் தொடங்கியவர் தம் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைச் சொல்லியிருப்பதைக் காணலாம். விற்கப்பட்டுப் பிரிந்த உறவுகளை அவர்கள் பெயரளவிலாவது காத்துவந்தமைக்கு அவை சான்று.

ஆயினும், ஏட்டின் மௌனம் வேறு, ஏட்டின் பேச்சு வேறு. 1782 பட்டியலில் டோபி இல்லாமை ஒரு மௌனம்; அதற்கு வேறு விளக்கங்கள் தேடலாம். 1762 ஆவணத்தில் டோபி இருப்பது பேச்சு. தம் உடைமையை ஐந்தாண்டுகள் முன்தேதியிட்டுக் காட்ட வாலர் குடும்பத்தாருக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஒடுக்கியவனின் ஏடு என்பதற்காக அதை ஐயுறலாம். ஆனால் ஐயத்துக்கும் காரணம் வேண்டும். மேலும், அந்த ஏட்டைத் தம் சாட்சியாக முதலில் அழைத்தவர் ஹேலியே. தாம் அழைத்த சாட்சியின் மறுவிசாரணையை அவர் மறுக்கவியலாது.

ஆவணத் தேடல் எப்போதும் இடித்துத் தள்ளுவதற்கே பயன்படும் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு எடுத்துக்காட்டு, வழக்கறிஞர் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் 2012இல் வெளியிட்ட யாரோ மமூத் பற்றிய நூல். ஃபுலானி இனத்தைச் சேர்ந்த யாரோ, 1752இல் பதின்பருவத்தில் அதே அனாபொலிஸ் துறையில் இறக்கப்பட்டவர். பீல் குடும்பத்திடம் நாற்பதாண்டுகளுக்கு மேல் அடிமையாயிருந்து, 1796இல் விடுதலை பெற்றார். சேர்த்துவைத்த பணத்தை இருமுறை வணிகர்களிடம் ஒப்படைத்து இழந்தார். ஒருவர் வறுமையில் இறந்தார், மற்றவர் நொடித்துப்போனார். மூன்றாம் முறை சேர்த்ததைக் கொண்டு வங்கிப் பங்குகள் வாங்கினார். 1800இல் ஜார்ஜ்டவுனில் வீட்டுமனை வாங்கினார். 1819இல் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல் அவரைத் தேடிவந்து உருவப்படம் வரைந்தார். அவர் மது அருந்தாததும் பன்றியிறைச்சி உண்ணாததும் அவ்வோவியரின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. 1823இல் மறைந்தபோது, தம் தோட்டத்தில் வழக்கமாகத் தொழுத மூலையிலேயே அடக்கப்பட்டார்.

ஓவியர் அவருக்கு வயது 134 என நம்பினார். ஆவணங்களோ ஏறத்தாழ 83 என்கின்றன. இங்கும் ஏடு ஒரு புனைவை உடைக்கிறது. உடைத்தபின் எஞ்சுவது என்ன? நூற்றாண்டு கடந்த அதிசயக் கிழவர் மறைந்து, இருமுறை கைப்பொருள் இழந்தும் மீண்டும் உழைத்து எழுந்த ஒரு மனிதர் நம்முன் நிற்கிறார். வியப்பு குறைந்தது, மதிப்பு கூடிற்று. ஜான்ஸ்டனின் தேடல், யாரோவின் மகன் அக்குயிலா, மருமகள் பாலி, அப்பெண்ணின் பெயரால் வழங்கும் யாரோஸ்பர்க் என்னும் சிற்றூர் என நீண்டு, பாலியின் பிறந்தகத்து வழியில் 1927இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற ஒருவர்வரை செல்கிறது. அவர் யாரோவின் நேர்வாரிசு அல்லர், மணவுறவு வழியினரே என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தும் இந்த நாணயமே ஹேலியிடம் நாம் காணாதது.

‘ரூட்ஸ்’ நூலின் கலைக்குறை ஒன்றையும் சுட்டியாக வேண்டும். ஜுஃபுரேயில் குன்ட்டா குர்ஆன் ஓதக் கற்கிறான். வர்ஜீனியாவில் பன்றியிறைச்சியை வெறுத்து ஒதுக்குகிறான். ஆனால் மகளுக்கு அவன் விட்டுச்செல்வது ‘கோ’வும் ‘காம்பி போலோங்கோ’வுமே. ஆற்றின் பெயர் ஏழு தலைமுறை வாழ்கிறது; இறைவனின் பெயர் ஒரு தலைமுறையோடு ஒழிகிறது. இம்மறைவு பலருக்கும் நேர்ந்ததுதான். ஆனால் நாவல் அதை ஓர் இழப்பாகக்கூடக் கருதாமல் கடந்துபோகிறது. மெய்யான சான்றுகளோ வேறு நிறம் காட்டுகின்றன. ஜார்ஜியாவின் சாபெலோ தீவில் வாழ்ந்த பிலாலி தம் பெண்மக்களுக்கு ஃபாத்திமா, மதீனா எனப் பெயரிட்டார். ஜார்ஜிய எழுத்தாளர் திட்டத்தார் 1930களில் எடுத்து 1940இல் நூலாக்கிய நேர்காணல்களில், அவர் வழித்தோன்றல்கள் தஸ்பீஹ் மணி உருட்டித் தொழுத முன்னோரையும், ‘சரகா’ எனப்பட்ட அரிசிப் பணியாரத்தையும் நினைவுகூர்கின்றனர். ‘சரகா’ நம் ‘சதக்கா’வே என்பதை விளக்க வேண்டியதில்லை. பிலாலி விட்டுச்சென்ற அரபுக் கையெழுத்துப் படியை நெடுங்காலம் ஒரு நாட்குறிப்பு என்றே எண்ணியிருந்தனர். இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் மாலிகி மத்ஹபு நூலான ‘ரிஸாலா’வின் பகுதிகள் அதில் உள்ளன என்பதை 1940இல் ஜோசப் கிரீன்பெர்க் வெளிப்படுத்தினார். வட கரோலினாவில் அடிமையாயிருந்த உமர் இப்னு சயீத் 1831இல் அரபியில் எழுதிய தன்வரலாறு ‘அல்முல்க்’ அத்தியாயத்தோடு தொடங்குகிறது. ஆட்சி யாருடையது என்னும் அத்தியாயத்தை ஓர் அடிமை தேர்ந்தெடுத்ததன் பொருளை நாம் எளிதில் உணரலாம். 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கையகப்படுத்திய அப்படி, 2019முதல் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கிறது.

இவர்களெல்லாம் ஏட்டில் நிற்பவர்கள். இவர்களை விடுத்து, ஏடு மறுக்கும் ஒருவரை நாம் வரலாற்றுச் சான்றாக முன்னிறுத்துவது, உள்ள செல்வத்தை மறந்து கடன் வாங்குவது போன்றது. அடிமை முறையின் கொடுமையை உலகின் மனச்சாட்சிக்கு உணர்த்திய நாவல் என்ற முறையில் ‘ரூட்ஸ்’ நூலின் இடத்தை எவரும் அசைக்கவியலாது. 1870இன் மதிற்சுவரை முட்டிப் பார்க்கும் துணிவை எண்ணற்ற குடும்பங்களுக்கு அது தந்தது என்பதும் மெய். ஆனால் நாவலை நாவலாகவே வாசிப்போம். பரம்பரை என்னும் பிணைப்பில் கற்பனையின் பங்கை இப்னு கல்தூன் முன்பே உணர்த்தியிருக்கிறார். அக்கற்பனை உறவை வளர்க்கலாம், சான்றாக நிற்கவியலாது.

ஆதாரமற்ற ஒரு பெயரைக் காத்துநிற்கும் ஒவ்வொரு முறையும், ஆதாரமுள்ள ஒரு பெயர் பேசப்படாமற் போகிறது. அடிமைக் கப்பலில் பெயரிழந்த மக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவர்களுக்கு அழகான பெயர் சூட்டுவதன்று. பத்திரக் கட்டுகளில் புதைந்துள்ள அவர்களது சொந்தப் பெயரைத் தேடி எடுத்து, அதைப் பிழையின்றி உச்சரிப்பதே.