நெய்தல் நிலமும் நிழற்படக் கலையும்

மாலை நேரம். கண்ணாடி போல அசைவற்றுக் கிடக்கும் நீர். அதிலே செக்கர் வானம் தலைகீழாகத் தெரிகின்றது. ஓரத்தில் ஒற்றைக் கொக்கு. கீழே, புத்தளக் கரையில் வசந்தம் என்பது போன்றதொரு வாசகம். இத்தகைய நிழற்படங்களை நாட்காட்டிகளிலும் உல்லாச விடுதி விளம்பரங்களிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் இன்று நாள்தோறும் காண்கின்றோம். அவை அழகாக இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வண்ணாத்திவில்லுப் பக்கத்திலே வாழ்பவர்களுக்கு அந்த நீர் எது என்று பார்த்த மாத்திரத்தே தெரிந்துவிடும். அது கைவிடப்பட்ட இறால் வளர்ப்புக் குளம். 1980களில் ஏற்றுமதி இலாபத்தை நாடிக் களப்போரத்துக் கண்டற்காடுகளை வெட்டி இத்தகைய குளங்களைத் தோண்டினார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் கண்டு இறால் மடிந்தபோது முதலிட்டவர்கள் பலர் குளங்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நீர் அவ்வளவு அமைதியாக இருப்பதற்குக் காரணம், அதிலே இப்போது எவருக்கும் எந்தப் பிழைப்பும் இல்லை என்பதுதான்.

ஒரு படம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சதுரத்துக்குள் எதையாவது வைத்து, எதையாவது வெளியே தள்ளாமல் நிழற்படமே இல்லை. ஆனால் ஒருவரல்லர் இருவரல்லர், இக்கரைக்குக் கமராவுடன் வருவோரில் மிகப் பலர் ஒரே பொருளைத்தான் தொடர்ந்து வெளியே தள்ளுகின்றார்கள் என்றால், அது தனிமனிதரின் சுவை மட்டுமன்று. அதற்குப் பின்னே ஒரு கொள்கை இருக்கின்றது. எடுப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

நிலக்காட்சியைப் பற்றி நமக்கென்றே ஒரு விமர்சன மரபு இருக்கும்போது, இதை ஆராய வெகுதூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருளைக் கூறுகையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு ‘செய்தி’ என்ற ஒன்றையும் சேர்த்தே கூறுகின்றார். செய்தி என்பது தொழில். நெய்தலுக்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அவற்றை விற்றலும். ஆக, புன்னையையும் தாழையையும் நாரையையும் வைத்துவிட்டு உப்பு விளைப்பவளை விட்டுவிட்டால், அது நெய்தல் ஆகாது, அரைகுறைக் காட்சி. அம்மூவனார் முதலிய நெய்தற் புலவர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள். தெருவிலே உப்பு விலை கூறிச் செல்லும் உமணப் பெண்ணைப் பாட்டுடைத் தலைவியாக்க அவருக்குக் கூச்சமிருக்கவில்லை. உலர்கின்ற மீனைப் பறவைகள் கவராமல் காத்திருக்கும் பெண்களையும் சங்கச் செய்யுள்கள் காதற் காட்சியின் நடுவிலேயே வைத்தன. கருவாட்டு வாடையால் கவிதை கெட்டுப்போகும் என்று அக்காலத்தில் எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை!

‘வசந்தம்’ என்ற சொல்லையும் சற்று நோக்கவேண்டும். நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் வேளை. பெரும்பொழுதோ ஆறும் உரியன என்பர் உரையாசிரியர். கடலோர வாழ்வுக்கு விடுமுறைப் பருவம் கிடையாது என்பது இதன் பொருள். வேனிலைத் தொல்காப்பியர் பாலைக்குத்தான் தருகின்றார். இளவேனில் வந்தும் பிரிந்து போனவர் வரவில்லையே என்று வருந்துவதுதான் அப்பருவத்தைப் பற்றிய நம் பழைய பாடல்களின் பொருள். பூக்கள் மலர்ந்திருப்பதே அங்கு துயரைப் பெருக்குகின்றது. பனி உருகிப் புல் முளைக்கும் நாடுகளில் பிறந்த வசந்தப் படத்தை, பனியே காணாத இக்கரையில் கொண்டுவந்து ஒட்டுபவர்கள், இளவேனிலுக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த ஆழமான பொருளைத் தொலைத்துவிடுகின்றனர்.

அந்தப் பொருள் இம்மாவட்டத்தில் பழங்கதையுமன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தனர். சில நாட்களுக்கென்று கட்டிய கிடுகுக் கொட்டில்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். அக்கொட்டில்களும் படங்களில் வந்திருக்கின்றன, ‘எளிமையான கிராமிய எழில்’ என்ற பெயரிலே. கிடுகு வேலியின் நெசவில் வெயில் விழும் கோலம் கமராவுக்கு மிகவும் பிடித்தமானது. வேலிக்குப் பின்னால் நின்றவர் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ தாம் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியை வைத்திருந்திருக்கலாம் என்பது படத்தில் எங்ஙனம் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதுதான். ஆனால் எடுத்தவர் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால், தலைப்பாவது மாறியிருக்கும்.

வெளியிலிருந்து வருபவர் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பர் என்று கூறவும் நாம் தயாரில்லை. 1344இல் இப்னு பதூதா இக்கரையில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி ஆண்ட காலம். கரையெங்கும் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குன்றுபோற் கிடந்ததைக் கண்டு வியந்தார். அதோடு நிற்கவில்லை. மலபார் மக்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் செல்வதையும், அதற்கீடாக மன்னனுக்குத் துணிமணி கொடுப்பதையும் எழுதிவைத்தார். ஒரு காட்சியைக் கண்டவுடன் இது யாருக்குச் சொந்தம், யார் கொண்டுபோகின்றார், கைம்மாறு என்ன என்று கேட்கும் கண் அது. கற்பிட்டிக் கோட்டையை இன்று படமெடுப்பவர் எத்தனை பேர் அப்படிக் கேட்கின்றனர்? 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டையின் வேலை, புத்தளக் களப்பின் வாயிலில் இருந்துகொண்டு கண்டி மன்னனின் கடல் வாணிபத்தை நெரிப்பது. படத்திலே அது கடற்காற்று வாங்கும் பழைய சுவர்.

நிழற்படக் கலை நம் நாட்டுக்கு வந்த வழியும் இப்பார்வைக்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே காலமானார். இங்கே அவர் எடுத்த படங்களில் உள்ள தொழிலாளர் முகங்கள் ஆழமானவை, நாம் மதிக்கத்தக்கவை. ஆயினும் அங்கே அவர் எடுத்த முகங்களுக்குப் பெயருண்டு. இங்கே எடுத்த முகங்களுள் பெரும்பாலானவை ‘குடியானவர்’ என்றும் ‘பெண்’ என்றும் நின்றுவிட்டன. பின்னர் 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் இந்தத் தீவையே தபாலட்டையாக்கி விற்றன. தென்னை, தோணி, சூரியாஸ்தமனம். இன்றைய கைத்தொலைபேசிப் படமும் பெரும்பாலும் அந்தத் தபாலட்டையின் பேரப்பிள்ளைதான்.

இப்போக்கிலிருந்து விலகி நின்றவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த இவர், ‘43 குழு’ ஓவியர்களின் தோழர். மறைவுக்குப் பின், 1950இல், இவருடைய படங்கள் நூலாகவும் வந்தன. பாசில் ரைட் 1934இல் உருவாக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ திரைப்படத்தில் ரொபர்ட் நொக்ஸின் பழைய வாசகத்தைப் படித்த குரலும் இவருடையதே. தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த அப்படத்தின் மூன்றாம் பகுதியில், மக்கள் உழைக்கும் காட்சிகளின் மேலே சந்தை விலைகளையும் வணிகக் கடிதங்களையும் வாசிக்கும் குரல்கள் ஒலிக்கின்றன. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டுகின்றன. விளம்பரத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் விளம்பரத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றிய அதிசயம் அது. வென்ட்டின் நிழற்படங்களிலோ மனிதர் மனிதராகவே நிற்கின்றனர், குனிந்து சலாமிடவில்லை. எனினும் நமக்கொரு குறையுண்டு. உழைக்கும் உடலை அவர் சிற்பமாக்கிவிடுகின்றார். தசையின் மேல் ஒளி அவ்வளவு அருமையாக விழுகின்றது. அத்தசை எந்தப் பாரத்தைச் சுமந்து அப்படியாயிற்று என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகின்றது. பெரிய கலைஞர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது.

இனி உப்பளத்துக்கு வருவோம். ‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆயிற்று என்போர் உண்டு. களப்பு நீரைத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, முதலில் ஜிப்சம் படிந்தபின் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சி, உப்புப் பூத்ததும் வாரிக் குவித்து, எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவர். வானத்தை நம்பிய தொழில். சித்திரை மாதத்து மாலைகளில் இடிமழைக்கு மேகம் திரளும். கமராக்காரருக்கு அதைப்போல வாய்ப்பு வேறில்லை. வெண்ணிறப் பாத்திகளின் மேலே கருமேகம்! பாத்தியில் நிற்பவளுக்கோ அந்த மேகம் பெய்தால் பூத்த உப்புக் கரைந்துபோகும். ஒரே வானத்தை இருவர் பார்க்கின்றனர். படத்தில் ஒருவர் பார்வைதான் இருக்கின்றது.

இவ்விடத்தில் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணித்தே அளக்கும். உப்பின் வெண்மையையோ சாயும் சூரியனையோ நோக்கிப் பிடித்தால் அது ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நடுவில் நிற்கும் கறுத்த முகம் முழுக் கருமையாகிவிடும். முகம் வேண்டுமென்றால் எடுப்பவர் முயன்று அளவைத் திருத்தவேண்டும். அப்போது வானம் வெளிறிப்போகும். ஆகவே ஒவ்வொரு மாலைப் படத்திலும் ஒரு தேர்வு நடக்கின்றது: வானமா, முகமா? நம் கரைப் படங்களில் வென்றுகொண்டிருப்பது வானம். மீனவர் எல்லாரும் நிழலுருவங்கள். முகமில்லாதவருக்குக் கடனில்லை, வயதில்லை, கோபமில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்கரையில் சான்றுண்டு. வெலிகமப் பக்கத்துக் கழிமீனவரை ஸ்டீவ் மக்கரி 1995இல் எடுத்த படம் உலகெங்கும் பரவிற்று. இன்று அக்கழிகளில் அமர்ந்திருப்போர் பலர் மீன் பிடிப்பதில்லை. பயணிகளிடம் காசு பெற்றுக்கொண்டு மீன் பிடிப்பவர்போல் இருந்து காட்டுகின்றனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். மீனைவிடப் படம் அதிக விலைக்குப் போகின்றதென்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

நம் ஊர்க்கரையில் நேர்ந்தது இதனினும் கொடிது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில், வண்ணாத்திவில்லுப் பிரிவிலுள்ள அறுவைக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த நிலத்தில் கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டம் வேகம் பெற்றது. புத்தள மக்கள் 2018இலும் 2019இலும் மாதக்கணக்காகப் போராடினர். 2019இல் குப்பை வந்திறங்கியது. ஒருபுறம் வில்பத்துக் காடு, ஒருபுறம் களப்பு, கலா ஓயா கடலோடு சேரும் இடத்திலே இந்நாட்டின் மிகப் பெரிய கண்டற்காடு. நண்டும் இறாலும் பிடித்து உண்பவர்கள் அங்கு இருக்கின்றனர். இருந்தும் இதுவொரு வெற்றிடம் என்ற எண்ணம் எப்படி வந்தது? தபாலட்டைதான் குப்பையைக் கொண்டுவந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆளற்ற கரை எழில் என்று பல்லாண்டு காட்டப்பட்ட மனத்துக்கு, ஆளற்ற கரையில் எதையும் கொட்டலாம் என்பது உறுத்துவதில்லை. விடுதிக்காரரின் படமும் திட்டக்காரரின் வரைபடமும் மக்களை அழிப்பதில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

நம்மவர்களையும் சற்றுக் கண்டிக்க வேண்டியிருக்கின்றது. முற்போக்குப் படமென்றால் வெடித்த பாதமும் ஒட்டிய வயிறும் என்று நினைக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா 1943இல் படமெடுத்தபோது அப்படங்கள் கட்சிப் பத்திரிகையில் செய்தியோடு வெளிவந்தன. பஞ்சம் ஏன் வந்தது என்பதும் அருகில் இருந்தது. காரணத்தை உதிர்த்துவிட்டுக் காயத்தை மட்டும் காட்டும் படம் இன்னொரு வகைத் தபாலட்டை. மேலும், உப்பளத்துப் பெண் வேலைக்கு வரும்போதும் தனக்குப் பிடித்த நிறத்திலேதான் சேலை உடுத்துகின்றாள். சித்திரை கழிந்து பாலைப்பழம் பழுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகின்றாள். அழகு அவளுக்கும் உரியது. அதை அவளிடமிருந்து பறித்துப் பயணிக்கே கொடுத்துவிட்டுத் துன்பத்தை மட்டும் அவள் பங்காக வைப்பது நியாயமா?

வண்ணாத்திவில்லு என்ற பெயரைக் கேட்கும் வெளியூர் நண்பர்களுக்கு வண்ணாத்திப்பூச்சி நினைவுக்கு வருகின்றது. சிறகு விரித்த பூச்சியும் வில்லு நீரும் நல்ல படந்தான். வண்ணாத்தி என்றால் ஊரார் அழுக்கைத் தன் கையால் வெளுத்தவள் என்பதும், சாதியின் பேரால் அவள் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டாள் என்பதும் அதே சொல்லுக்குள் கிடக்கின்றது.

சென்ற ஆண்டு, ஊரைப் படமெடுத்து வாருங்கள் என்று நம் மாணவர்களிடம் கூறினோம். பெரும்பாலும் சூரியாஸ்தமனங்களே வந்தன. பிள்ளைகளின் கண்ணும் தபாலட்டையில் பழகியதுதானே. ஒரு மாணவி மட்டும் நண்பகலில், உப்புப் பாத்தியருகே தன் தாயை எடுத்துவந்தாள். வானம் முற்றாக வெளிறியிருந்தது. பாத்தி சற்றே சரிந்திருந்தது. தாய் கமராவைப் பார்க்கவில்லை. மகளின் பின்னாலே, மேற்குப் பக்கமாக, மழைக்குணம் இருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தாயின் பெயரும், அன்று வாரிய பாத்திகளின் எண்ணிக்கையும் பென்சிலால் எழுதியிருந்தன. வகுப்பறைச் சுவரில் அதைத்தான் நடுவில் ஒட்டினோம். மற்றவற்றைச் சுற்றிவர.